புல்மோட்டையின் வெள்ளை, முன்பள்ளியின் மஞ்சள்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் போனால் புல்மோட்டைக் கரை வரும். அங்கே மணல் கறுப்பு. ஒரு கை அள்ளிப் பார்த்தால் மற்றக் கரைகளின் மணலைவிடக் கனக்கும். இல்மனைற், ரூற்றைல், சேர்க்கோன் என்று பல கனிமங்கள் கலந்த மணல் அது, பெரும்பங்கு இல்மனைற். அந்தக் கறுப்பைப் பிரித்து, அமிலத்தில் கரைத்து, சூளையில் சுட்டு எடுத்தால் வருவது டைட்டானியம் டயொக்சைட் என்னும் பால்வெள்ளைப் பொடி. சுவருக்குப் பூசும் பெயின்றில், கடதாசியில், பற்பசையில், பிளாஸ்ரிக் கதிரையில் நாம் காணும் வெள்ளையெல்லாம் பெரும்பாலும் அதுதான்.

இந்த மணலை எடுப்பதற்கென்று இலங்கை கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் அமைந்தது. அதே 1957இல்தான் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனது. ஒரு கொடி இறங்க, இன்னொரு கைத்தொழில் ஏறியது. ஆனால் மணலிலிருந்து வெள்ளைப் பொடி செய்யும் ஆலை இன்றுவரை இந்த நாட்டில் இல்லை. மணல் மணலாகவே கப்பலேறும். பொடி வேறு நாட்டில் பிறந்து, பெயின்றுப் பேணிக்குள் இருந்தபடி நம்மிடம் விலைக்கு வரும். போரின் நடுவிலும் அந்த ஏற்றுமதி நடந்தது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைற் ஏற்றிக்கொண்டு நின்ற கோர்டியலிற்றி என்ற கப்பல் தாக்கப்பட்டு, அதிலிருந்த சீன மாலுமிகள் சிலர் மாண்டார்கள். அவ்வளவு இரத்தம் சிந்தி வெளியே போன மணல் அது.

பெயின்றின் வரலாற்றில் இந்த வெள்ளைக்கு ஒரு தனி இடம் உண்டு. 1916 அளவில் அமெரிக்காவிலும் நோர்வேயிலும் இது வணிகத்துக்கு வருமுன், உலகம் முழுவதும் வெள்ளை என்றால் பெரும்பாலும் ஈயவெள்ளைதான். ஈயத்தைக் காடியின் ஆவியில் அரிக்கவிட்டு எடுத்த பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். நன்றாக மூடும், நெடுநாள் நிற்கும், உப்புக்காற்றையும் தாங்கும். அதன் பெரிய குறை, அது நஞ்சு. புல்மோட்டை மணலில் கிடப்பது அந்த நஞ்சைப் பேணியிலிருந்து துரத்திய பொருள். இதை எழுதக் காரணம், மாற்றுப் பொருள் மண்ணில் கிடந்த மாவட்டத்திலேயே, முன்பள்ளி முற்றத்து ஊஞ்சலில் ஈயம் எப்படி வந்து உட்கார்ந்தது என்ற கேள்வி.

கதை தொடங்குவது நம்மைப் போலவே வெயிலும் விறாந்தையும் உள்ள இன்னோர் ஊரில். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேன் சிறுவர் மருத்துவமனைக்கு மணிக்கட்டு தொங்கி, கால் தளர்ந்து, பார்வை மங்கி, வயிற்றுவலியோடு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். 1892இல் ஜெப்ரிஸ் ரேணர் என்ற வைத்தியரும் சக வைத்தியர்களும் இது ஈய நஞ்சு என்று இனங்கண்டார்கள். ஈயத் தொழிற்சாலைக்கே போகாத பிள்ளைக்கு ஈயம் எங்கிருந்து வந்தது? தண்ணீரா, பாத்திரமா என்று தேடினார்கள். பன்னிரண்டு வருடங்கள் கழித்து, 1904இல், லொக்ஹார்ட் கிப்சன் என்ற கண் வைத்தியர் விடையைச் சொன்னார்: வீட்டு விறாந்தையின் கைப்பிடிக் கம்பி. வெயிலிலும் மழையிலும் நின்ற ஈயவெள்ளை நாளடைவில் மாவாக உதிரும். அது பிள்ளையின் வியர்த்த கையில் ஒட்டும். அந்தக் கை வாய்க்குப் போகும். நகம் கடிக்கிற, விரல் சூப்புகிற பிள்ளைகளே அதிகம் நோயுற்றதையும் அவர் கவனித்திருந்தார்.

அவரை எல்லோரும் உடனே நம்பவில்லை. பிள்ளையின் கைக்கு எட்டும் இடங்களில் ஈயப் பெயின்ற் பூசக்கூடாது என்று குயின்ஸ்லாந்து சட்டம் செய்தது 1922இல். கண்டுபிடிப்புக்கும் சட்டத்துக்கும் இடையில் பதினெட்டு வருடங்கள். அது நீண்ட காலம் என்றுதான் அப்போது பலர் எண்ணியிருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு உலகம் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால், பிரிஸ்பேன் ஓட்டமாக ஓடியது என்றே சொல்ல வேண்டும்.

குயின்ஸ்லாந்தில் பறந்த அதே பிரித்தானியப் பேரரசின் கொடிதான் அந்நாளில் திருகோணமலையிலும் பறந்தது. பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் கடற்படைத் தளத்து வீதிகளிலும் உவர்மலையிலும் விறாந்தை வைத்த உத்தியோக பங்களாக்கள் எழுந்த காலம். இரும்புக்குத் துருப்பிடிக்காமல் முதலில் செவ்வீயம் பூசுவது அக்காலக் கப்பல் தொழிலின் சாதாரண நடைமுறை. பிரிஸ்பேன் வைத்தியர்கள் எழுதியது ஆங்கிலத்தில், அதே பேரரசின் மருத்துவ ஏட்டில். அந்த எச்சரிக்கை கொழும்புக்கு வரக் கப்பலில் ஒரு மாதம்கூட ஆகியிராது. அது இந்த நாட்டின் சட்டமாக வர எவ்வளவு காலம் எடுத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1921இல் சர்வதேசத் தொழில் அமைப்பு ஈயவெள்ளைக்கு எதிராக ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. கட்டடங்களின் உட்புறத்தில் அதைப் பூசுவதைத் தடுத்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஆண்களையும் பெண்கள் அனைவரையும் தொழில்முறையில் அதைப் பூசும் வேலையில் அமர்த்தக்கூடாது என்றது. பூசுகிறவரை நினைத்து எழுதிய உடன்படிக்கை அது. பூசிய சுவரில் சாய்ந்து நிற்கும் பிள்ளை அதன் கண்ணில் படவில்லை. அமெரிக்காவிலோ பிள்ளையைப் பார்த்தவர்கள் விற்பனையாளர்கள். நஷனல் லெட் என்ற கம்பனி ஒரு சிறுவனின் உருவத்தையே தன் ஈயப் பெயின்றின் சின்னமாக வைத்து, பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டும் சிறு புத்தகங்களை அச்சிட்டு இனாமாகக் கொடுத்தது. அந்த நாட்டில் வீட்டுப் பெயின்றில் ஈயத்துக்கு எல்லை வந்தது 1978இல்.

பெற்றோலில் கலந்த ஈயத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது முடிந்துவிட்ட கதை. இயந்திரம் இடிக்காமல் ஓட ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று தோமஸ் மிட்ஜ்லி கண்டது 1921இல். 1924இல் அதைத் தயாரித்த நியூஜேர்சி ஆலையில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். 1925இல் அலிஸ் ஹமில்டன் என்ற பெண் மருத்துவர் அரச மாநாட்டிலேயே எழுந்து எச்சரித்தார். விற்பனை சில மாதம் நின்று, மறுபடி தொடங்கியது. சீனக்குடாக் காட்டுக்குள் இன்றும் நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகளும் அந்த யுகத்தின் பிள்ளைகள். இலங்கை ஈயப் பெற்றோலைக் கைவிட்டது 2002இல். கடைசி நாடான அல்ஜீரியா 2021இல். ஹமில்டன் சொன்னதிலிருந்து நம் பெற்றோல் நிலையத்துக்கு வர எழுபத்தேழு வருடங்கள். அந்த இடைவெளியில் வீதியோர வீடுகளில் வளர்ந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சுவாசித்தார்கள். யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று எவராலும் இனி அளக்க முடியாது.

அளக்க முயன்ற ஒருவர் இருந்தார். நம்மூரில் பாற்பல் விழுந்தால் கூரைமேல் எறிவோம். ஹேர்பேட் நீடில்மன் என்ற அமெரிக்க வைத்தியர் அந்தப் பற்களைச் சேகரித்தார். மசாசூசெற்ஸ் மாநிலத்தில் இரண்டு சிறு நகரங்களின் பிள்ளைகளிடம் விழுந்த பற்களை வாங்கி, அவற்றில் ஈயம் எவ்வளவு என்று பார்த்து, அதே பிள்ளைகள் வகுப்பில் எப்படி இருக்கிறார்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டார். ஆசிரியர்களுக்குப் பற்களின் கணக்குத் தெரியாது. 1979இல் வெளிவந்த முடிவு இதுதான்: நோய்க்குறி எதுவுமே இல்லாமல், நன்றாக ஓடி விளையாடுகிற பிள்ளைகளிலும், பல்லில் ஈயம் கூடியவர்களின் அறிவுத்திறன் குறைந்திருந்தது, கவனம் சிதறியது. அதுவரை ஈய நஞ்சு என்றால் வலிப்பு, மயக்கம், மரணம். அதற்குப் பிறகு அது மெதுவாகக் கற்கும் பிள்ளையும் ஆயிற்று. இந்த ஆய்வுக்காக அவர்மீது மோசடிக் குற்றச்சாட்டு எழுப்பி, விசாரணை வைத்து, கடைசியில் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள்.

இரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருந்தால் கவலைப்பட வேண்டும் என்று அமெரிக்கா வைத்த கோட்டைக் கவனியுங்கள். 1960களில் ஒரு டெசிலீற்றர் இரத்தத்துக்கு 60 மைக்ரோகிராம். 1985இல் 25. 1991இல் 10. 2012இல் 5. 2021இல் 3.5. ஈயம் மாறவில்லை, பிள்ளையின் மூளையும் மாறவில்லை. நேற்று 'பரவாயில்லை' என்று வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைக்கு இன்று கண்காணிப்பு வேண்டும் என்கிறார்கள், அவ்வளவுதான். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடு. விழுங்கிய ஈயத்தில் வளர்ந்தவர் உடல் எடுத்துக்கொள்வதைவிட நாலைந்து மடங்கு அதிகத்தைச் சிறுபிள்ளையின் உடல் எடுத்துக்கொள்ளும். கல்சியம் என்று ஏமாந்து எலும்பு அதைச் சேமிக்கும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். மருந்து கொடுத்து இரத்தத்திலிருந்து ஈயத்தை இறக்கலாம். மூளை இழந்ததைத் திரும்பக் கொடுக்க மருந்தில்லை. 2020இல் யூனிசெப்பும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் மிகப்பெரும் பகுதியினர் தெற்காசியப் பிள்ளைகள்.

டைட்டானியம் வந்த பிறகும் ஈயம் ஏன் போகவில்லை? வெள்ளைப் பேணியிலிருந்து மட்டும்தான் டைட்டானியம் அதைத் துரத்தியது. மஞ்சள் வேண்டுமென்றால் ஈயக் குரோமேற்று. அதைச் சற்று மாற்றினால் செம்மஞ்சளும் சிவப்பும். நீலத்தோடு கலந்தால் பச்சை. எனாமல் பெயின்ற் விரைவாகக் காய்வதற்கும் ஈய உப்பு. பெரியவர்கள் வீட்டுச் சுவருக்குத் தேர்ந்தெடுக்கும் வெளிர் நிறங்களில் ஈயம் குறைந்துகொண்டே போக, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று நாம் தேடிப் பூசும் பளிச்சிடும் நிறங்களில் அது தங்கிவிட்டது. இதைச் சதி என்று சொல்லமாட்டேன். மலிவும் பளபளப்பும் சேர்ந்து செய்த வேலை.

இலங்கையில் இதைக் கிளப்பியது ஹேமந்த விதானகே முன்னின்று நடத்திய சுற்றாடல் நீதிக்கான நிலையம். பல நாடுகளில் ஒரே நேரத்தில் கடைப் பெயின்றுகளை வாங்கிச் சோதித்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இலங்கைப் பேணிகளும் இருந்தன. சில எனாமல் பேணிகளில் ஒரு கிலோ பெயின்றுக்குப் பத்தாயிரம் மில்லிகிராமையும் தாண்டி ஈயம். நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2011இல் வர்த்தமானி வெளியிட்டு, 2013 ஜனவரி 1 முதல் எல்லை விதித்தது: சுவருக்குப் பூசும் எமல்ஷனுக்கும் விளையாட்டுச் சாமான் பெயின்றுக்கும் கிலோவுக்கு 90 மில்லிகிராம், எனாமலுக்கும் தரைப் பெயின்றுக்கும் 600. கிப்சன் 1904இல் சொன்னது இந்தத் தீவின் சட்டமாக நூற்றொன்பது வருடங்கள் பிடித்தன.

வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். அக்காலத்தில் ஆசியாவில் பல நாடுகளில் இதுகூட இல்லை. அடுத்தடுத்த சோதனைகளில் பல பேணிகளில் ஈயம் பெரிதும் இறங்கியிருந்தது; சிலவற்றில் எல்லை மீறியபடியே இருந்தது. ஆனாலும் அந்த வர்த்தமானியின் கணக்கை ஒரு முன்பள்ளி ஆசிரியை போட்டிருக்கமாட்டார். சுவருக்கு 90, ஊஞ்சலுக்கு 600. பிள்ளை சுவரைப் பிடித்துத் தொங்குவதில்லை. எனாமல் பூசிய கம்பியைப் பிடித்துத்தான் ஆடுகிறது, இறங்கி வந்து அதே கையால் பிஸ்கற் தின்கிறது. 600 என்பது அமெரிக்கா 1978இல் வைத்த எண். 2009இல் அவர்களே அதை 90 ஆக்கினார்கள். இந்தியா 2016இல் விதி செய்து, 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயின்றுகள் எல்லாவற்றுக்கும் 90 என்றது.

இன்னொன்றும் உண்டு, திருகோணமலைக்காரருக்கு அதுதான் முக்கியம். சட்டம் பார்ப்பது கடைக்கு வரும் பேணியை. ஏற்கெனவே பூசியதை அது பார்ப்பதில்லை. இந்த மாவட்டம் எப்போது பூசப்பட்டது என்று யோசியுங்கள். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை குச்சவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர்க் கரைகளை அடித்துப் போட்டது. அதன் பின் உதவி நிறுவனங்கள் வந்தன. 2006இல் மாவிலாற்று அணைத் தகராறோடு மறுபடி போர், மூதூர், சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2007க்குப் பிறகு, 2009க்குப் பிறகு மீள்குடியேற்றம், மீள்கட்டுமானம். பள்ளிக்கூடம், முன்பள்ளி, சிறுவர் பூங்கா, நூலகம் என்று இந்த மாவட்டம் இத்தனை கட்டடங்களையும் இத்தனை ஊஞ்சல்களையும் ஒருசேரக் கண்ட வேறு காலம் கிடையாது. அதில் பெரும்பகுதி 2013க்கு முந்தியது. எல்லை என்று ஒன்றே இல்லாத வருடங்களில், சந்தையில் கிடைத்த பேணியைக் கொண்டு பூசியது. துயரம் கண்ட பிள்ளைகளின் மனம் மலரட்டும் என்று நல்லெண்ணத்தோடு தேர்ந்தெடுத்த நிறங்கள் மஞ்சளும் சிவப்பும் செம்மஞ்சளும். சோதித்தால் ஒழிய எதில் ஈயம் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் சொல்ல முடியாது. சோதிக்காமலே இல்லை என்று சொல்வதற்கும் நமக்கு எந்த உரிமையும் கிடையாது.

ஒரு பழைய ஊஞ்சலின் கம்பியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் பிடிக்கும் உயரத்தில் பெயின்ற் தேய்ந்து இரும்பு மினுங்கும். அதன் ஓரத்தில் வரிசையாகப் படலங்கள் தெரியும்: மேலே போன வருடத்து நீலம், கீழே பச்சை, அதற்கும் கீழே மஞ்சள், அடியில் துருச்சிவப்பு. உப்புக்காற்றில் இரும்பு வீங்கி, படலங்கள் செதிலாகக் கிளம்பி நிற்கும். நகத்தால் தட்டினால் விழும். மேலே பூசிய நீலம் புதுச் சட்டத்தின் நீலமாகவே இருக்கலாம். விழுகிற செதிலில் நாலு படலமும் சேர்ந்தே விழுகின்றன.

இனி சிரமதானம். தவணை தொடங்குமுன் பெற்றோர் கூடுவார்கள். தகப்பன்மார் பிளேடும் கம்பித் தூரிகையும் கொண்டு பழைய பெயின்றைச் சுரண்டுவார்கள், தாய்மார் கூட்டி அள்ளுவார்கள், வெயிலில் தூள் பறக்கும், பிள்ளைகள் அந்தத் தூளுக்குள்ளேயே ஓடி விளையாடுவார்கள். மத்தியானம் சோற்றுப் பார்சல். பத்து வருடம் கம்பியில் ஒட்டி ஓரளவு அடங்கிக் கிடந்ததை ஒரே காலையில் மண்ணுக்கும் மூக்குக்கும் பாத்திரத்துக்கும் கொண்டுவருகிற வேலை இது. இதில் குற்றவாளி யாரும் இல்லை. இதைச் செய்யாதீர்கள் என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பெயின்றோடு கதை முடியாது. திருகடலூரில், மூதூரில், கிண்ணியாவில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு இருக்கிறது. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். சிரட்டை நெருப்பே போதும். பழைய ஈயத்தை வீட்டு முற்றத்தில் உருக்கி அச்சில் வார்ப்பவர் உண்டு, சட்டி பிறகு மூலையில் கிடக்கும். சிந்திய துளி ஆறினால் மணியாக மினுங்கும். அதைப் பொறுக்காத பிள்ளை எந்த ஊரில் உண்டு? கண்ணுக்கு இடும் சுருமாவில் பல வகைகள் ஈயக் கந்தகமாகவே இருக்கின்றன. விளக்குப் புகை பிடித்து வீட்டில் செய்கிற மையில் அந்தத் தொல்லை இல்லை. அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் விற்ற குங்குமத்தைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், பத்தில் எட்டு மாதிரிகளில் ஈயம் அகப்பட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த பழைய குங்குமத்தின் இடத்தை, மலிவான சிவப்பு பிடித்துக்கொண்டதன் பலன்.

மஞ்சள் என்றதும் நின்று சொல்ல வேண்டிய ஒரு கதை பங்களாதேஷுடையது. அங்கே கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தத்தில் ஈயம் ஏன் இவ்வளவு என்று ஆய்வாளர்கள் தேடிப் போனபோது, அவர்கள் போய் நின்ற இடம் மஞ்சள் சந்தை. கிழங்குக்கு நிறம் கூட்ட, மஞ்சள் பெயின்றில் சேரும் அதே ஈயக் குரோமேற்றைத் தேய்த்திருந்தார்கள். ஆய்வு 2019இல் வெளிவந்தது. அரசு சோம்பவில்லை. பத்திரிகையில் எச்சரித்தது, மொத்தச் சந்தையில் கைக்கருவியால் அங்கேயே சோதித்தது, கலப்படம் செய்தவர்களுக்கு நடமாடும் நீதிமன்றம் அபராதம் விதித்தது, அதைச் செய்திகளில் காட்டியது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 வீதத்தில் இருந்த ஈயம் 2021இல் ஒன்றில்கூட இல்லை. மஞ்சளைத் தொட்ட ஆலைத் தொழிலாளரின் இரத்தத்திலும் ஈயம் குறைந்தது. இரண்டே வருடங்கள். நம்மைவிடச் செல்வம் மிகுந்த நாடு அல்ல பங்களாதேஷ். 2020இல் இங்கே மஞ்சள் இறக்குமதி நின்று விலை எகிறியபோது, இந்தியக் கரையிலிருந்து வள்ளத்தில் வந்த மஞ்சள் மூட்டைகளை நம் கடற்படை பிடித்துக்கொண்டிருந்தது. மூட்டை எத்தனை கிலோ என்று செய்தி வந்தது. உள்ளே என்ன இருந்தது என்ற பேச்சு வரவில்லை.

'நாங்களும் இதே ஊஞ்சலில் ஆடித்தானே வளர்ந்தோம், என்ன வந்தது?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வந்தது என்னவென்று தெரியாததே இந்த நஞ்சின் தந்திரம். கோட்டைக்குள் மேயும் மான் பொலித்தீனைத் தின்று செத்தால் வயிற்றை அறுத்துப் படம் எடுத்துப் போடுகிறோம். கணக்குப் பாடத்தில் பின்தங்கிய பிள்ளையின் வயிற்றை யாரும் அறுத்துப் பார்ப்பதில்லை. 'இவனுக்கு மண்டையில் ஏறாது' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். இரண்டு நேரம் சாப்பிடவே வழியில்லாதபோது பெயின்றைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்களும் உண்டு. வெறும் வயிற்றோடு, இரத்தசோகையோடு இருக்கிற பிள்ளைதான் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சுகிறது என்பதே அவர்களுக்கு என் பதில். நெத்தலியும் குரக்கனும் முருங்கையிலையும் ஈயத்துக்கும் எதிரான சாப்பாடுதான். வறுமைக்கும் இதற்கும் தனித்தனிப் போராட்டம் தேவையில்லை.

அதற்காக எல்லாப் பொருளையும் கண்டு பயந்து சாகச் சொல்லவில்லை. ஒன்றை விலக்கிய இடத்தில் வருவதும் நாளைக்குக் கேள்விக்கு உள்ளாகலாம். புல்மோட்டையின் வெள்ளையையே எடுத்துக்கொள்ளுங்கள். இனிப்புக்கும் சுயிங்கத்துக்கும் நிறமூட்ட அதைச் சேர்த்தார்கள். மரபணுவுக்குக் கேடில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதால் 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் தடைசெய்தது. பெயின்றில் அது நல்லதுதான், மிட்டாயில் வேண்டாம். எங்கே எது பொருந்தும் என்று ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஈயத்தைப் பொறுத்தவரை பார்த்து முடித்தாயிற்று. இனி ஆராய்ச்சி தேவையில்லை, வேலைதான் மிச்சம்.

அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் பலரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். கிழக்கு மாகாணத்தின் நிர்வாகம் திருகோணமலையில்தான் இருக்கிறது. 2013க்கு முன் பூசிய முன்பள்ளி முற்றங்களின் பட்டியலை அது ஒரு தவணைக்குள் எடுக்கலாம். பெயின்றிலுள்ள ஈயத்தை நொடியில் காட்டும் எக்ஸ் கதிர்க் கைக்கருவி ஒன்று இருந்தால், கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்களே ஊர் ஊராகப் போய்ச் சோதித்துவிடுவார்கள். அதே வளாகத்தில் சித்த மருத்துவமும் கற்பிக்கிறார்கள். சுத்தி செய்யாத ஈயம் உடலுக்கு ஆகாது என்பது அந்தத் துறைக்குப் புதிய செய்தி அல்ல. கிளினிக்கில் பிள்ளையின் நிறையை அட்டையில் குறிக்கிற மருத்துவமாது, வீட்டில் ஈயம் உருக்குகிறார்களா, சுருமா இடுகிறார்களா என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் செலவு ஒன்றும் இல்லை. கடைகளைச் சோதிக்க வரும் அதிகாரிகள் காலாவதித் திகதியோடு எனாமல் பேணிகளையும் எடுத்துப் போகட்டும். சோதித்ததைப் பங்களாதேஷ் செய்ததுபோலக் கடைப் பெயர்களோடு பகிரங்கப்படுத்தட்டும்.

அதுவரை, அடுத்த சிரமதானத்துக்கு நாள் குறித்திருக்கும் பெற்றோரிடம் கேட்பது இவ்வளவுதான். பழைய பெயின்றைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், நெருப்பு வைத்து உரிக்காதீர்கள். உறுதியாக ஒட்டியிருந்தால் அதன்மேல் புதிதாகப் பூசி மூடிவிடுங்கள். கிளம்பிய இடத்தை மட்டும் தண்ணீரால் நனைத்துத் தேய்த்து, கீழே சாக்கு விரித்து, விழுந்ததைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். அன்றைக்குப் பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு வாருங்கள். பேணி வாங்கும்போது ஈயம் எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கம்பனியிடம் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரும்வரை மஞ்சளை வாங்காதீர்கள்.